தனுசுப் பக்கம் கொஞ்சம் இரும்பு

செப். 10, புதன்

காலையிலிருந்து தூறல். பதினொரு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருந்தது. போர்வை இன்னும் காயவில்லை. அடுப்படிக் கொடியில் தொங்குகிறது, ரச வாசனையோடு.

அடுத்த செவ்வாய், புதன், வியாழன் தொலைநோக்கி எங்களுக்கு. மூன்று அரை இரவுகள். தொலைநோக்கி இருப்பது பசிபிக் கடலில் ஒரு தீவில், மலை உச்சியில். நான் இருப்பது குன்னூர்ப் பக்கம், எஸ்டேட் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேசையில். அங்கே இருட்டும்போது இங்கே முற்பகல். ஆகவே எனக்கு நட்சத்திரம் பார்க்கும் வேலை பட்டப்பகலில். அத்தைக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

"பகல்ல எந்த ஊர்ல அம்மணி நட்சத்திரம் தெரியுது?"

பார்க்க வேண்டியவை: கேபிள்காரருக்கு போன். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்கும் நட்சத்திரங்களின் பட்டியல். அத்தையின் சர்க்கரை மாத்திரை.

ரேவதி பெங்களூரிலிருந்து பேசினாள். நாங்கள் இருவரும் அனுப்பிய கட்டுரைக்கு ஆய்விதழிலிருந்து மறுபடி அதே கேள்வி. நீங்கள் பார்த்தது நெபுலாவையா, நம் வானத்தையா? கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

டிசம்பரோடு பெங்களூர் நிறுவனத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

செப். 11, வியாழன்

மழை இல்லை. மூடுபனி மட்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது சு. கேட்டார், "அந்த விஷயம் எனக்குப் புரியற மாதிரி ஒருக்கா சொல்லுங்களேன்."

(சு. என்றால் சுந்தரம். என் கணவர், மூன்று மாதமாக. அத்தை இவர் அம்மா. முழுப் பெயரை எழுத இன்னும் வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தோரு வயதில் கல்யாணம் செய்தால் இப்படித்தான் போலும். எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போவது வரை அவர் பொறுப்பு.)

சொன்னேன். தனுசு ராசி இருக்கும் திசையில் ஒரு நெபுலா, வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். உள்ளே ஏற்கெனவே பிறந்த பெரிய நட்சத்திரங்களின் கடும் ஒளியில் சுற்றியுள்ள வாயுவின் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறைத்துவிடும். அகச்சிவப்பு அந்தத் தூசியைத் தாண்டி வரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு கோடு போடும்.

"அப்ப இந்த மிஸ்ட்டுக்குள்ளயும் அதுல தெரியுமுங்களா?"

எல்லாரும் கேட்பதுதான். இல்லை என்றேன். இது தண்ணீர்த்துளி, பெரியது. அங்கே இருப்பது புகை மாதிரி, மிக நுண்ணியது. தலையாட்டினார். கொஞ்சம் ஏமாற்றம் முகத்தில்.

பிறகு இரும்புக்கு வந்தேன். ஏப்ரலில் பார்த்தபோது நெபுலாவின் ஓரத்தில் அயனியான இரும்பின் கோடு ஒரு விரல் போல நீண்டு தெரிந்தது. வாயு உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறது என்று எழுதினோம். சிக்கல் என்னவென்றால், நம் தலைக்கு மேலுள்ள காற்றும் இரவில் அகச்சிவப்பில் லேசாக ஒளிரும். அதன் கோடு ஒன்று இரும்புக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதைச் சரியாகக் கழிக்காமல் விட்டால் இரும்பு போலவே தெரியும்.

"அப்ப எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"ஏப்ரல்ல பூமி அந்த நெபுலாவைப் பாத்து ஓடிட்டு இருந்துச்சுங்க. இப்ப அதை விட்டு விலகி ஓடுது. அதனால நெபுலாவோட கோடு கொஞ்சம் தள்ளி விழும். காத்தோட கோடு நம்ம கூடவே வர்றது, அது நகராது."

சு. தட்டில் சோற்றை இரண்டாகப் பிரித்தார். "நகர்ந்தா உங்களுது. நகராட்டி நம்முளுது."

"ஆமாங்க."

அத்தை மோர் ஊற்ற வந்தார். "மேகம்ங்கறே, மழை பேயுமா அங்க?"

பெய்யாது என்றேன். "அப்பறம் என்ன மேகம்" என்றார்.

செப். 15, திங்கள்

ஒத்திகை. இணைப்பு நன்றாக இருந்தது. அங்கே தொலைநோக்கியை இயக்குகிறவர் மார்க். பெரிய தாடி, பின்னால் சுவரில் ஒரு சைக்கிள் தொங்குகிறது. எனக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று அப்புறம்தான் பார்த்தேன். போர்வை.

ரேவதி மகனுக்கு நாளை டான்சில் ஆபரேஷன். ஆகவே மூன்று நாளும் நான் தனியாக. "பயமா இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

சு. மாலையில் வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தார். நாளைக்கு என்று சொல்லித் தனி டப்பாவில் போட்டு மேசையில் வைத்தார். "வேலைக்கு நடுவுல பசிக்குமல்லங்க."

டப்பா இப்போதே பாதி காலி.

செப். 16, செவ்வாய்

இங்கே நல்ல வெயில். மூன்று வாரத்தில் முதல் வெயில். அங்கே மேகம், ஈரம். தொலைநோக்கி மேலுள்ள குவிமாடத்தைத் திறக்கவேயில்லை.

மார்க்கும் நானும் நாலு மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் சைக்கிளைப் பற்றிச் சொன்னார். நான் தேயிலையைப் பற்றி, எனக்குத் தெரிந்த அளவுக்கு, அதாவது மிகக் கொஞ்சம்.

அத்தை இன்று வாசலில் காவல். பக்கத்து குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். காதில் விழுந்தது:

"எங்க மருமகளுக்கு இப்ப நடு ராத்திரிங்க. சாயங்காலமா வாங்க."

"தூங்கறாங்களா?"

"இல்லீங்க. முழிச்சுட்டு இருக்கறா."

டீச்சரம்மா கறிவேப்பிலை இல்லாமலே போயிருக்க வேண்டும். அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றார். இல்லை அத்தை, மேகம் என்றேன். "பாரு, அங்கயும் இதே கதை" என்றார், ஏதோ சொந்தக்காரர் வீட்டைப் பற்றிச் சொல்வது போல.

ஒரு நாள் போயிற்று. போர்வை காய்ந்தது. அதுவாவது.

செப். 17, புதன்

இரவில் எழுத உட்காரும் பழக்கம் இல்லை, ஆனால் இதை விட்டால் மறந்துவிடும். ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் அங்கே வானம் தெளிவு. பத்தரைக்குத் தொடங்கினோம். நெபுலா கிடைத்தது, வழிகாட்டி நட்சத்திரம் கிடைத்தது, முதல் இரண்டு பதிவும் நன்று. இங்கே நல்ல மழை, காற்று. நான் கவனிக்கவில்லை.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன் மேலே ரோட்டில் பெரிய சத்தம். சில்வர் ஓக் ஒன்று வேரோடு சாய்ந்து கரன்ட் கம்பி, கேபிள் எல்லாவற்றின் மேலும் விழுந்துவிட்டது. விளக்கு போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. ஆனால் இணைப்பு இல்லை. திரையில் மார்க், வாய் பாதி திறந்தபடி, அசையாமல். போனில் சிக்னல் ஒரு கோடு, பிறகு அதுவும் இல்லை.

அடுத்த இடத்துக்குத் தொலைநோக்கியை நகர்த்த வேண்டிய நேரம். எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே நெபுலா மேற்கே இறங்கிக்கொண்டே இருக்கும். யாருக்காகவும் நிற்காது.

ஃபேக்டரிக்கு ஜெனரேட்டர் உண்டு, கேபிளும் கீழ் ரோடு வழியாக வருகிறது. அத்தையிடம் சொன்னேன்.

"இந்த மழையிலயா? பாதையில காட்டுமாடு நிக்குது பாரு."

நின்றது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பாதையை அடைத்துக்கொண்டு, ஒரு பெரிய காட்டெருமை. மழையில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு.

அத்தை உள்ளே போனார். சாப்பாட்டுத் தட்டும் கரண்டியுமாக வந்தார். படியில் நின்றுகொண்டு தட்டு தட்டென்று தட்டினார். "போ சாமி. புள்ளைக்கு அவசரம். போ." அது எங்களைப் பார்த்தது. அத்தை நிறுத்தவில்லை. கடைசியில் யாருக்கோ இடம் விடுவது போல அலுப்பாகத் திரும்பி, கீழே ஓடைப் பக்கம் நடந்தது. அத்தை அது மறையும் வரை என் கையைப் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டார். "இப்பப் போ. ஓடாதே, வழுக்கும்."

ஓடினேன். மடிக்கணினி, தூள் மூட்டைக்கு உள்ளே போடும் பிளாஸ்டிக் பையில், வயிற்றோடு. ஒரு செருப்பு ஓடையருகில் போய்விட்டது. கணுக்காலில் அட்டை. அது ஃபேக்டரியில்தான் தெரிந்தது.

கேட்டில் வாட்ச்மேன் ஓடிப்போய் சு.வைக் கூட்டிவந்தார். கொழுந்து நிறைய வரும் நேரம், கை முழுக்கப் பச்சைக்கறை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"நெட்டுங்களா?"

"ஆமாங்க."

அங்கேயே சுவரில் இருந்த உள் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், எங்க ஊட்டுல அவங்களுக்கு நெட் வேணுமுங்க. ஆமாங்க, இப்பவே. டேஸ்டிங் ரூம்ல உட்கார வெச்சுக்கறனுங்க. எதுக்குங்களா?" என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நட்சத்திரம் பாக்கறதுக்குங்க" என்றார்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. "சரிங்க சார், சரிங்க" என்று வைத்தார்.

டேஸ்டிங் ரூம் என்பது தூளைப் போட்டு ருசி பார்க்கும் அறை. நீள மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஆறிப்போன டிகாக்ஷன். கோப்பைகளைத் தள்ளி இடம் செய்து உட்கார்ந்தேன். சு. தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, கம்பியைச் செருகிவிட்டு, கணுக்காலில் உப்பு வைத்து அட்டையை எடுத்துவிட்டு, உள்ளே போய்விட்டார். ட்ரையர் காத்திருந்தது.

மார்க் திரும்பி வந்தார். தொலைநோக்கியை வேறு எங்கும் திருப்பாமல் அங்கேயே வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் வருவீர்கள் என்று தெரியும்" என்றார். "உங்கள் பின்னால் இருப்பதெல்லாம் என்ன?"

கோப்பைகள் என்றேன்.

கடைசி ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றினோம்.

செப். 18, வியாழன்

மரத்தை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலேயே சு.வோடு ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். இன்று குடை, இரண்டு செருப்பும், தூக்குப் போசியில் அத்தை கொடுத்த தக்காளி சோறு.

அங்கே அருமையான வானம். இப்படி ஒரு வானத்தை நான் நேரில் நின்றுகூடப் பார்த்ததில்லை. எல்லா இடமும் எடுத்தோம். விரல், விரலின் நுனி, அடி, நடுவே ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம், எல்லாம். வெற்று வானம் தனியாக, கழிப்பதற்கு, ஏப்ரலைவிட இரண்டு மடங்கு.

சாப்பாட்டு நேரத்தில் தூள் சலிக்கும் பகுதியிலிருந்து புஷ்பாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து கதவருகே நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்றேன். திரையைப் பார்த்தார்கள். சாம்பல் நிறம், நடுவே சில வெள்ளைக் கோடுகள்.

"இதுங்களா மேடம்?" என்றார் புஷ்பா.

"இதுதாங்க."

"கலரா இருக்கும்னு நெனச்சேன்."

"கலர் நாங்க அப்புறம் போடறதுங்க."

மூவரும் சிரித்தார்கள். புஷ்பா கேட்டார், "இது எத்தனை தூரமுங்க?" ஒளியே பல ஆயிரம் வருஷம் பயணம் செய்து வர வேண்டிய தூரம் என்றேன். "அப்ப இது பழைய சரக்கு" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார்கள்.

முடிந்தபோது மார்க் கையசைத்தார். நானும். சு. வாசலில் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "கெடச்சுதுங்களா?"

கிடைத்தது. என்ன கிடைத்தது என்பது இன்னும் தெரியாது.

செப். 20, சனி

வீட்டில் கரன்ட் வந்துவிட்டது. வெயில், மழை, வெயில்.

நேற்று முழுக்கத் தரவைச் சுத்தம் செய்தேன். இன்று காலை ஏப்ரலையும் செப்டம்பரையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன்.

விரல் நகரவில்லை.

மறுபடி செய்தேன். அலைநீள அளவீட்டைப் புதிதாகப் போட்டேன். பூமியின் வேகத்தைக் கையால் கணக்கிட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காகிதத்தில். ஹைட்ரஜன் கோடு எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவு நகர்ந்திருக்கிறது. நெபுலா நகர்ந்திருக்கிறது. விரல் மட்டும் காற்றின் கோட்டோடு அப்படியே நிற்கிறது.

அது இரும்பே இல்லை. நம் காற்று. அந்தத் தீவின் மேல், அந்த ஏப்ரல் இரவில் ஒளிர்ந்த காற்று. கேள்வி கேட்டவர் சரி. நான் தப்பு.

இந்த விரலைப் பற்றி இரண்டு கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். இதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

மத்தியானம் சு. சாப்பிட வந்தார். பரிமாறிவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். "நகரலைங்க."

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. "நம்முளுதா?"

"நம்முளுதுதாங்க."

எழுந்து கை கழுவினார். சாப்பாடு அப்படியே. பக்கத்தில் வந்து நின்றார். தொடலாமா என்று யோசித்து, பிறகு தோளில் கை வைத்தார். ஈரக்கை. நான் அழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டியபோதுதான் தெரிந்தது.

அத்தை யாரையோ திட்டினார். யாரை என்று புரியவில்லை. அந்த நெபுலாவையாக இருக்கலாம்.

செப். 21, ஞாயிறு

சு.வுக்கு வார விடுமுறை. காலையில் "கெளம்புங்க" என்றார். எங்கே? "எமரால்டு டேம். சும்மா."

பைக்கில். அத்தை வரவில்லை, "நீங்க போங்க, எனக்கு முட்டி" என்றார். வழியெல்லாம் கேரட், பீட்ரூட். ஓரிடத்தில் கேரட் கழுவும் மெஷினில் சிவப்பு சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது, நின்று பார்த்தோம். அங்கிருந்தவர் கை நிறையக் கொடுத்தார். அணைக்குப் பக்கம் உட்கார்ந்து பச்சையாகவே தின்றோம். தண்ணீர் மேல் மூடுபனி வந்தது, போனது.

பேசினேன். நிறையப் பேசினேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ரேவதி ஒத்துக்கொள்வாளா தெரியாது, டிசம்பருக்குப் பிறகு வேலை இருக்குமா தெரியாது, இந்த வயதில் எங்கே போய்ப் புதிதாகத் தொடங்குவது.

அவர் ஒவ்வொரு கேரட்டாக இலையைக் கிள்ளி என் பக்கம் வைத்தார். பிறகு, "பெங்களூர் போகோணும்னா போலாமுங்க. அங்க எனக்கு என்ன வேலை கிடைக்கும்னு தெரியலை. பாத்துக்கலாம்."

"நீங்க ஃபேக்டரியை விட்டுட்டா?"

"ஏனுங்க, ஃபேக்டரியையா கட்டிக்கிட்டேன்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு கேட்டுல நின்னீங்க பாருங்க, ஒத்தைச் செருப்போட, பையை வயித்துல கட்டிப் புடிச்சுட்டு. கல்யாணத்தன்னிக்குக் கூட உங்க மூஞ்சிய அத்தனை சரியா நான் பாக்கலீங்க. எனக்கு அது ரொம்பப் புடிச்சுதுங்க. உங்க கணக்கு தப்பா இருந்தா என்ன, சரியா இருந்தா என்ன."

கேரட்டைக் கடித்தேன்.

திரும்பும்போது குளிர். அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன், முதல் தடவையாக, ரோட்டில் ஆட்கள் இருக்கும்போது.

செப். 23, செவ்வாய்

மழை.

ரேவதியிடம் சொன்னேன். முதலில் கோபம். "இன்னொரு தடவை பார். ஏதாவது தப்பு இருக்கும்." படங்களை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. பின்னால் அவள் மகன் ஐஸ்கிரீம் கேட்டு முனகிக்கொண்டிருந்தான்.

"சரி. திரும்ப வாங்கிடலாம். மெயில் நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?"

நானே எழுதினேன். நாலு வரி. நீங்கள் சொன்னது சரி, புதிய தரவு அதைக் காட்டுகிறது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், நன்றி. நாலு வரிக்குக் காலை முழுக்க. நிறுவனத்துக்கும் சொன்னேன். தலைவர் "உங்கள் நேர்மைக்கு நன்றி" என்று பதில் போட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அனுப்பிவிட்டு அத்தையோடு உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்தேன். அத்தை கேட்டார்:

"அந்த மூணு நாளும் வீணா?"

"தெரியலை அத்தை. மிச்சத் தரவு இருக்கு. இன்னும் முழுசாப் பாக்கலை."

"அப்பப் பாரு. கொண்டாந்ததை எல்லாம் பாக்காம எவளாவது வீணும்பாளா?"

அவரைக்காய்ப் பொரியல். உப்பு கூடிவிட்டது, என் கை.

செப். 25, வியாழன்

வெயில்! துணி முழுக்கத் துவைத்துப் போட்டிருக்கிறது.

நேற்றும் இன்று காலையும் மிச்சத்தைப் பார்த்தேன். விரலை மறந்துவிட்டு, இந்தத் தடவை எடுத்த வெற்று வானத்தைக் கொண்டு காற்றின் கோட்டைச் சுத்தமாகக் கழித்தேன். விரல் இருந்த இடம் காலி. துடைத்துவிட்ட மாதிரி. பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

பிறகு அந்தச் சின்னச் சிவப்பு நட்சத்திரம். நெபுலாவுக்குள் இன்னும் தூசி மூடிக் கிடக்கும் குழந்தை. அதற்கு இரண்டு பக்கமும் ஏதோ. மிக மங்கல். ஒரு பக்கம் இரும்புக் கோடு கொஞ்சம் நீலத்தை நோக்கி, மறு பக்கம் அதே அளவு சிவப்பை நோக்கி. அதாவது ஒரு பக்கம் வாயு நம்மைப் பார்த்து வருகிறது, மறு பக்கம் விலகிப் போகிறது.

என்னை நம்பவில்லை. போன வாரம்தானே பட்டேன். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பார்த்தேன். புதன்கிழமையின் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. வியாழனில் இருக்கிறது, இன்னும் தெளிவாக. ஏப்ரல் தரவிலும் தேடினேன். அப்போது காற்றின் கோடு ஒரு பக்கத்தை மூடியிருக்கிறது. மூடாத பக்கம் லேசாகத் தெரிகிறது. வேறு இடத்தில். எவ்வளவு தள்ளி இருக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி.

நகர்ந்திருக்கிறது.

ரேவதிக்குப் படத்தை மட்டும் அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். உடனே போன். "இது எங்க இருந்துச்சு?" என்றாள். "இத்தனை நாளும் அங்கேயேதான்" என்றேன். அவளே கணக்குப் போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "நிஜம்டி." பிறந்து கொஞ்ச காலமே ஆன ஒரு நட்சத்திரம், இரண்டு பக்கமும் வாயுவைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பெரியவர்களின் ஒளியிலும் மோதும் சூட்டிலும் அதிலுள்ள இரும்பு அயனியாகி ஒளிர்கிறது. நெபுலாவை உடைத்துக்கொண்டு வரும் பெரிய விரல் இல்லை. சின்ன விஷயம். ஆனால் இந்த நெபுலாவில் இதை யாரும் பார்த்ததில்லை.

பிறகு அத்தையிடம் சொன்னேன். "அத்தை, இருக்கு. இரும்பு இருக்கு."

"மூணு நாள் வீணில்லைதான?"

"இல்லை அத்தை."

"அவன்கிட்டச் சொல்லிட்டியா?"

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஃபேக்டரிக்குள் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும். அத்தை பார்த்த பார்வையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சு. தூள் சலிக்கும் பகுதியில், அந்தக் கோடியில், பெல்ட்டுக்கு அப்பால். சத்தத்தில் காது கிழிந்தது. கையசைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என்னாச்சுங்க? அம்மாவுக்கு?" என்று வாய் அசைவில் தெரிந்தது. இல்லை இல்லை என்று தலையாட்டினேன். பிறகு என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"இரும்பு இருக்குதுங்க!"

புஷ்பா சட்டென்று திரும்பினார். யாரோ சுவிட்சை அமுக்கினார்கள். பெல்ட் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றது. அத்தனை பேரும் என்னையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மெஷின் தேய்ந்து தூளில் இரும்புத்துகள் விழுந்துவிடும் என்பதுதான் இங்கே எல்லாருக்கும் பெரிய பயம். அதற்காகவே பெல்ட்டுக்கு மேலே காந்தம் வைத்திருக்கிறார்கள். புஷ்பா ஏற்கெனவே அதை வெளியே இழுத்துத் துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சு. பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்கீங்க? எந்த மூட்டையில?"

"இங்க இல்லீங்க," என்றேன். விரல் தானாக மேலே போனது. "அங்க."

எல்லாரும் தகரக் கூரையைப் பார்த்தார்கள்.

சு.வுக்குத்தான் முதலில் புரிந்தது. "நகர்ந்துதுங்களா?"

"நகர்ந்துதுங்க."

அத்தனை பேர் முன்னால் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தேயிலைத் தூள் முழங்கை வரை ஒட்டியது. புஷ்பா காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லாரும். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு சு. திரும்பி, "ஒண்ணுமில்லை, போடுங்க போடுங்க" என்றார். பெல்ட் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் என்னிடம் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன்.

"சாப்டீங்களான்னு கேட்டனுங்க."

இல்லை. மணி மூன்றாகியிருந்தது.